கதைக்கு முன் ஒரு கோப்பு: எமிலி ஜோலாவின் வாழ்க்கை

பிரான்ஸ் நாட்டின் தெற்கே எக்ஸ் என்று ஒரு பழைய ஊர். முழுப்பெயர் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ், நமக்கு எக்ஸ் போதும். அந்த ஊருக்குத் தண்ணீர்ப் பஞ்சம். மலை இடுக்கில் ஒரு அணை கட்டி, கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவரலாம் என்று திட்டம் போட்டுக் கொடுத்தார் ஒரு இஞ்சினியர். பெயர் பிரான்சுவா ஜோலா. பூர்வீகம் இத்தாலியின் வெனிஸ். வருடக்கணக்காக அலைந்து அனுமதி வாங்கி, ஒருவழியாக 1847-ல் வேலை ஆரம்பித்தது. ஆரம்பித்த சில வாரங்களில் குளிர் தாக்கி, சளி நுரையீரலில் இறங்கி மனிதர் இறந்தே போனார். அணை 1854-ல் கட்டி முடிந்தது. சிவில் பிரிவு நண்பர்கள் வளைவு அணை என்று படிக்கிறார்களே, அந்த வகைக்கு இந்த அணை ஒரு முன்னோடி. இன்றும் அந்த இடுக்கில் நிற்கிறது. பெயரும் ஜோலா அணைதான்.

அந்த இஞ்சினியரின் ஒரே மகன்தான் எமிலி ஜோலா. 1840 ஏப்ரல் 2-ம் தேதி பாரிஸில் பிறந்தவன். அப்பா இறந்தபோது ஏழு வயது நிறைய இன்னும் சில நாள் பாக்கி. அப்பாவின் கம்பெனி கைவிட்டுப் போனது. கடன், வழக்கு, வீடு மாற்றம். ஒவ்வொரு முறை மாறும்போதும் முந்தியதைவிடச் சின்ன வீடு. இது நம்மில் பலருக்குப் புரியக்கூடிய கணக்குதான்.

ஜோலா என்றதும் நம்ம ஊரில் டிரைஃபஸ் வழக்குதான் பலருக்கு ஞாபகம் வரும். அறிஞர் அண்ணா 'ஏழை பங்காளர் எமிலி ஜோலா' என்று எழுதியதால் அந்தப் பெயர் நம் வீட்டுப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. நான் இங்கே சொல்ல வந்தது வேறு விஷயம். ஜோலா ஒரு நாவல் எழுத உட்காருவதற்கு முன்னால் என்ன செய்தார், அந்த நாவலின் ஊரையும் தெருவையும் மனிதர்களையும் எப்படிக் குறித்து வைத்தார், குறித்ததை எப்படி அடுக்கினார் என்பதுதான் விஷயம். நம் ஹாஸ்டலில் கதை எழுதுகிற நண்பர்கள் இருக்கிறார்கள். அதில் இரண்டு கட்சி உண்டு. கதை என்றால் கற்பனையில் இருந்து தானாக வரவேண்டும், குறிப்பு எடுத்தால் செத்துவிடும் என்பது ஒரு கட்சி. இன்னொரு கட்சி மூன்று நோட்டு நிறைய ராஜ வம்சம், மேப், ஆயுதத்தின் பெயர், தெய்வத்தின் பெயர் எல்லாம் எழுதி வைத்திருக்கும், முதல் அத்தியாயம் மட்டும் வந்திருக்காது. இரண்டு கட்சிக்கும் ஜோலாவிடம் வேலை இருக்கிறது.

அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படிக்கலாம். 1858-ல் பாரிஸ் வந்த ஜோலா, சலுகையில் ஒரு நல்ல பள்ளியில் சேர்ந்தார். அங்கே பள்ளி முடித்ததற்கு பக்காலோரியா என்று ஒரு பரீட்சை. அது பாஸ் பண்ணினால்தான் மேல்படிப்பு, நல்ல உத்தியோகம். ஜோலா 1859-ல் அறிவியல் பிரிவில் எழுதினார், பெயில். அதே வருடம் மறுபடியும் எழுதினார், மறுபடியும் பெயில். அதோடு படிப்பு முடிந்தது. இஞ்சினியர் மகன் சர்டிபிகேட் இல்லாமல் பாரிஸ் தெருவில் நின்றார். சுங்க அலுவலகத்தில் இரண்டு மாதம் குமாஸ்தா வேலை பார்த்து அதையும் விட்டார். அடுத்த ஒன்றரை வருடம் வேலையும் இல்லை, குளிருக்கு விறகும் இல்லை.

1862-ல் ஹாஷெட் என்ற பெரிய புத்தகக் கம்பெனியில் வேலை கிடைத்தது. எழுத்து வேலை இல்லை, புத்தகத்தைப் பார்சல் கட்டுகிற வேலை. ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. சீக்கிரமே விளம்பரப் பிரிவுக்கு மாறி அதற்குத் தலைவராகவும் ஆனார். ஒரு புத்தகம் எப்படித் தயாராகிறது, எப்படி விலை போகிறது, எந்தப் பத்திரிகை எதைப் போடும் என்று எல்லாம் அங்கேதான் படித்தார். அதை அவருடைய அப்ரென்டிஸ் காலம் என்று வைத்துக்கொள்ளலாம். 1866 ஜனவரி முடிவில் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார். அடுத்த வருடமே 'தெரேஸ் ராக்கான்' நாவல் வெளிவந்து வசவும் பெயரும் சேர்ந்தே கிடைத்தது.

இனிதான் நம்ம கதைக்கு வருகிறோம். 1868, 69 வாக்கில் ஜோலா ஒரு பெரிய திட்டம் போட்டார். அவருக்கு முன்னால் பால்சாக் என்ற மாபெரும் எழுத்தாளர், ஒரு நாவலில் வந்தவர்கள் இன்னொரு நாவலிலும் வருகிற மாதிரி, ஒரு நாட்டையே கதைகளாக எழுதி வைத்திருந்தார். ஆனால் பால்சாக் பாதி வழி போன பிறகுதான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டினார். ஜோலா ஆரம்பத்திலேயே கட்டிவிட நினைத்தார். தனக்கும் பால்சாக்குக்கும் என்ன வித்தியாசம் என்று தனக்கே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். ஒரே ஒரு குடும்பம், அதன் கிளைகள், அவை சமூகத்தின் எல்லாப் படிகளிலும் பரவுவது என்று முடிவு. குடும்பத்தின் பெயர் ரூகோன்-மக்கார். காலம் மூன்றாம் நெப்போலியன் ஆட்சி. லூக்கா என்ற டாக்டர் பாரம்பரியக் குணங்கள் பற்றி எழுதிய தடித்த புத்தகத்தைப் படித்துப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்தார். யார் யாருக்குப் பிறந்தவர், யாருக்குக் குடிப்பழக்கம் வரும், யாருக்கு மனக்கோளாறு வரும் என்று ஒரு வம்ச மரம் வரைந்தார். கதை ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் மரம் தயார்!

இதைக் கொண்டுபோய் லாக்ருவா என்ற பதிப்பாளரிடம் காட்டி, மாதம் 500 பிராங்க் முன்பணத்துக்கு ஒப்பந்தமும் போட்டுவிட்டார். அப்போது திட்டத்தில் இருந்தது பத்து நாவல். எழுதி முடித்தது இருபது. முதல் புத்தகம் 1871-ல், கடைசிப் புத்தகம் 1893-ல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். கம்ப்யூட்டர் இல்லை, போட்டோகாப்பி மெஷின் இல்லை. எல்லாம் தனித்தனித் தாளில் கையால் எழுதியது.

இப்போது அவருடைய பைலைத் திறப்போம். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு கோப்பு. அதில் பெரும்பாலும் முதலில் எழுதப்பட்டது ஒரு வரைவு. நம்ம டிராயிங் கிளாஸில் முதலில் போடுகிற ரஃப் ஸ்கெட்ச் மாதிரி. ஆனால் இது பேச்சு. ஜோலா தாளில் தன்னோடு தானே பேசுவார். இந்த நாவல் எதைப் பற்றி இருக்கவேண்டும், இவன் ஜெயிக்க வேண்டுமா தோற்க வேண்டுமா, இது ரொம்ப நாடகத்தனமாகப் போகிறதே, வேறு வழி உண்டா என்று வாதாடுவார். ஒன்றை எழுதுவார், பத்து வரி தள்ளி அதையே மறுப்பார். பிறகு ஆட்களுக்கு வருவார். ஆளுக்கு ஒரு சீட்டு. பெயர், வயது, உடம்பு வாகு, முகம், குணம், யாரிடமிருந்து எது வந்தது, கதைக்கு முன்னால் அவன் வாழ்க்கையில் நடந்தது என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். அடுத்து இடங்கள். தெரு எங்கே திரும்புகிறது, கடைக்கு எதிரே எது, மாடிப்படி எந்தப் பக்கம் என்று பேனாவால் கோட்டுப் படம். சொந்த ஊரான எக்ஸை 'பிளாசான்' என்று பெயர் மாற்றிக் கதையில் வைத்தபோது அந்தக் கற்பனை ஊருக்கு மேப் வரைந்தார். இன்னொரு நாவலில் 'போமோன்' என்று முழுக்க முழுக்கக் கற்பனையான ஒரு கோயில் ஊர் வருகிறது. அதற்கும் மேப் உண்டு.

இதற்கு நடுவில்தான் குறிப்புகள் வரும். படித்த புத்தகத்தின் சுருக்கம், நேரில் போய்ப் பார்த்தது, தெரிந்தவர்களிடம் கடிதம் போட்டுக் கேட்டது. கடைசியாக அத்தியாயத் திட்டம். முதலில் சுருக்கமாக ஒன்று, பிறகு விரிவாக ஒன்று. இங்கேதான் என் கண்ணில் பட்ட முக்கியமான விஷயம். குறிப்பு எடுத்தவுடன் அதை அப்படியே குவித்து வைத்துவிடவில்லை. எந்தக் குறிப்பு எந்த அத்தியாயத்துக்கு என்று பிரித்து, அந்தந்த அத்தியாயத் திட்டத்துக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தார். எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அடுக்கவில்லை, எங்கே போகப்போகிறது என்பதை வைத்து அடுக்கினார். ஒர்க்‌ஷாப்பில் டூல் ரூம் பார்த்திருக்கிறீர்களே, அதே தத்துவம்தான். எந்தக் கடையில் வாங்கியது என்று யாரும் ஸ்பேனரை அடுக்குவது கிடையாது.

ஒரு உதாரணத்தை விவரமாகப் பார்ப்போம். 'ஜெர்மினால்' நாவல். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தக் கதை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து நாட்காட்டியில் பயிர் முளைவிடும் மாதத்தின் பெயர் அது. 1884 தொடக்கத்தில் ஜோலா வரைவை எழுத ஆரம்பிக்கிறார். கூலிக்கும் முதலுக்கும் நடக்கிற மோதல்தான் நாவல், அடுத்த நூற்றாண்டின் பெரிய கேள்வியே இதுதான் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார். உடனே ஒரு சிக்கல். சுரங்கத்துக்கு ஒரு முதலாளியைக் காட்டுவதா, இல்லை பங்குதாரர் கம்பெனியைக் காட்டுவதா? ஒரு முதலாளி என்றால் முகம் இருக்கும், சண்டைக்கு ஆள் கிடைப்பான், நாடகம் சூடாக இருக்கும். கம்பெனி என்றால் எதிரில் யாருமே இல்லை. மேனேஜர்கூடச் சம்பள ஆள்தான். இரண்டையும் எடை போட்டுவிட்டுக் கம்பெனி என்று தீர்மானித்தார். அதனால்தான் அந்த நாவலில் தொழிலாளர்கள் யாரை எதிர்த்துப் போராடுகிறோம் என்றே பார்க்க முடியாமல், எங்கோ கண்காணாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தெய்வத்துக்குப் பலி கொடுப்பதுபோல் உணர்கிறார்கள். இது சுரங்கத்தைப் பார்த்து எடுத்த குறிப்பு இல்லை. சுரங்கத்துக்குப் போவதற்கு முன் தன்னையே கேட்ட கேள்வியின் பலன்.

அதற்குப் பிறகுதான் கிளம்பினார். 1884 பிப்ரவரியில் வடக்கே அன்சான் சுரங்கப் பகுதியில் நிஜமாகவே வேலைநிறுத்தம் வெடித்தது. சில நாட்களுக்குள் ஜோலா அங்கே இருந்தார். அந்தப் பகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் உயிரியல் பேராசிரியருமான ஜியார் அழைத்துப் போனார். அவருடைய செயலாளர் என்ற பெயரில் ஜோலா உள்ளே நுழைந்தார். ஒரு வாரம் சொச்சம் தங்கினார். தெனேன் ஊரில் ரெனார் என்ற சுரங்கத்தில், 675 மீட்டர் ஆழத்துக்குக் கூண்டில் இறங்கினார். மூக்குக் கண்ணாடி போட்ட, கொஞ்சம் பருத்த நாற்பத்து மூன்று வயது மனிதர் அந்த இருட்டுக்குள் குனிந்து நடந்து பார்த்திருக்கிறார். தொழிலாளர் குடியிருப்பில் வீடு வீடாகப் போய் எத்தனை அறை, எத்தனை கட்டில், என்ன சாப்பாடு, கூலி எவ்வளவு, கடையில் கடன் எப்படி என்று குறித்தார். போகும் முன்பே சுரங்கத் தொழில் பற்றிய புத்தகம் ஒன்றும், சுரங்கத்தார்களின் நோய்கள் பற்றி ஒரு டாக்டர் எழுதிய புத்தகம் ஒன்றும் படித்துச் சுருக்கி வைத்திருந்தார்.

இந்தக் குறிப்பெல்லாம் நாவலில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். நாவலின் ஆரம்பத்திலேயே ஒரு கிழவன் இருமிக் கருப்பாகத் துப்புகிறான். டாக்டர் புத்தகத்தில் நோயாக இருந்தது இங்கே ஒரு மனிதனாகிவிட்டது. உடம்புக்குள் சாகும்வரை எரிக்கத் தேவையான கரி இருக்கிறது என்ற மாதிரி அந்தக் கிழவன் அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்கிறான். சுரங்கத்துக்குள் வண்டி இழுக்கும் ஒரு வெள்ளைக் குதிரை பத்து வருடமாகச் சூரியனையே பார்க்காமல் இருக்கிறது. புதிதாக ஒரு குதிரையை வலையில் கட்டித் தொங்கவிட்டு இறக்குகிறார்கள். கிழட்டுக் குதிரை ஓடிவந்து அதை மோந்து பார்க்கிறது, மேலேயிருந்து வந்த வெயிலின் வாசனைக்காக. இதைப் படித்துவிட்டு நான் ரொம்ப நேரம் அடுத்த பக்கம் புரட்டவில்லை. மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒன்று. சுரங்கக் கிணற்றின் உள்சுவருக்கு மரப்பலகை உறை போட்டு, சுற்றியுள்ள நிலத்தடித் தண்ணீரைத் தடுத்து வைத்திருப்பார்கள். நாவலின் முடிவில் ஒருவன் ராத்திரியில் தனியாக இறங்கி அந்தப் பலகைகளை அறுத்து, திருகாணியைக் கழற்றி வைக்கிறான். தண்ணீர் உள்ளே பாய்கிறது. அந்த உறையின் அமைப்பு தெரியாத எழுத்தாளனால் அந்தக் காட்சியை எழுதியிருக்கவே முடியாது.

ஜெர்மினால் கோப்பில் இருக்கும் தாள்கள் மட்டும் 900-க்கும் மேல். இத்தனையும் தயாரான பிறகு 1884 ஏப்ரல் 2-ம் தேதி, அவருடைய பிறந்தநாள் அன்று, நாவலைத் தொடங்கினார். 1885 ஜனவரியில் முடித்துவிட்டார். அதாவது பத்து மாதம்கூட ஆகவில்லை! குறிப்பு நோட்டில் மூழ்கி எழுந்திராத நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அன்சானில் இன்னும் ஒரு வருடம் இருந்திருந்தால் இன்னும் நிறையத் தெரிந்திருக்கும்தான். ஒரு வாரம் போதுமா என்று அப்போதே கேட்டவர்களும் உண்டு. ஆனால் என்ன தேடுகிறோம் என்று தெரிந்து போனவருக்கு ஒரு வாரத்தில் கிடைத்தது, தெரியாமல் போகிறவருக்கு ஒரு வருடத்திலும் கிடைக்காது என்பது என் கருத்து.

மற்ற நாவல்களுக்கும் இதே உழைப்புதான். பாரிஸின் மைய மார்க்கெட்டைப் பற்றி எழுத, பகலிலும் நடு ராத்திரியிலும் போய்க் காய்கறி வண்டி வருவதிலிருந்து பார்த்தார். பெரிய துணிக்கடையைப் பற்றி எழுத 1882-ல் போன் மார்ஷே, லூவ்ர் ஆகிய கடைகளில் மணிக்கணக்காக நடந்தார். பிரான்ஸ் ஜூர்தான் என்ற கட்டடக்கலை நண்பரிடம், நீ ஒரு கடை கட்டினால் எப்படிக் கட்டுவாய் என்று கேட்டு எழுதி வாங்கி அந்தக் கற்பனைக் கடையைக் கதையில் கட்டினார். ரயில் டிரைவர் கதைக்காக 1889 ஏப்ரலில் பாரிஸிலிருந்து மான்ட் வரை என்ஜினிலேயே நின்றுகொண்டு பயணம் செய்தார்.

இவ்வளவு ஒழுங்கான மனிதருக்கும் சிக்கல் வராமல் இல்லை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 1877-ல் வந்த 'லசொம்வார்' நாவலில் சலவைக்காரி ஜெர்வேஸ் பாரிஸுக்கு வருகிறாள். கூட இரண்டு பையன்கள், குளோத், எத்தியேன். குளோத் பின்னால் ஓவியன் ஆகவேண்டும், எத்தியேன் ரயில்வேயில் கொலைகாரன் ஆகவேண்டும் என்று பழைய திட்டம். நடுவில் ஜெர்மினால் வந்தது. சுரங்கத் தொழிலாளர்களின் தலைவனாக எத்தியேனைப் போட்டுவிட்டார். படித்தவர்கள் மனதில் அவன் ஒரு வீரன். அவனையே கொண்டுபோய்க் கொலைகாரன் ஆக்க முடியுமா? என்ன செய்தார் தெரியுமா? ஜெர்வேஸுக்கு மூன்றாவதாக ஒரு பையன் இருந்தான், பெயர் ஜாக், அவனை ஊரிலேயே ஒரு அத்தை முறை அம்மாளிடம் விட்டுவிட்டு வந்தாள் என்று 1890-ல் வந்த நாவலில் சொல்லிவிட்டார். பதின்மூன்று வருடத்துக்கு முன் அச்சான புத்தகத்தில் அவன் சுவடே கிடையாது. 1878-ல் அச்சில் வந்த வம்ச மரத்திலும் கிடையாது. 1893-ல் கடைசி நாவலோடு புது மரம் வந்தபோது ஜாக்குக்கும் ஒரு கிளை கிடைத்தது. மொத்தம் 32 பேர், ஐந்து தலைமுறை. மரம் முதலில் வந்தது என்றாலும் கதைக்கு மரம் அடிமை இல்லை. தேவைப்பட்டபோது மரத்தை வெட்டி ஒட்டினார்.

காலக்கணக்கும் அவரை நெருக்கியது. முதல் நாவல் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த 1870-லேயே ஜெர்மனியோடு போர் மூண்டு, மூன்றாம் நெப்போலியன் ஆட்சியே கவிழ்ந்துவிட்டது. நடந்துகொண்டிருந்த காலமாக அவர் நினைத்த கதைக்காலம் திடீரென்று மூடிய பெட்டி ஆகிவிட்டது. 1851-க்கும் 1870-க்கும் நடுவில்தான் எல்லாம் நடக்கவேண்டும். 1882-ல் பார்த்த கடையை, 1884-ல் பார்த்த சுரங்கத்தை இருபது வருடம் பின்னால் தள்ளி அந்தப் பெட்டிக்குள் திணித்தார். அதனால் அங்கங்கே இடிக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் பட்டியல் போட்டிருக்கிறார்கள். படிக்கும்போது எனக்கு எதுவும் இடிக்கவில்லை.

அவருடைய கொள்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாவல் என்பது விஞ்ஞானப் பரிசோதனை மாதிரி என்று 1880-ல் ஒரு புத்தகமே போட்டார். லேபில் நிற்கிற நமக்கு இது ஒத்துவராது. எய்ம், அப்பரேட்டஸ், புரொசீஜர் எல்லாம் எழுதினாலும் ரிசல்ட் நம் பேச்சைக் கேட்காது, அதுதான் பரிசோதனை. நாவலில் ரிசல்ட்டும் எழுத்தாளன் கையில்தானே? ஜோலாவின் பைல் அவருடைய கொள்கையைவிட நல்ல வாத்தியார்.

இன்னொரு விஷயம் எனக்கு உறுத்தல். லசொம்வார் பாரிஸ் கூலிக்காரர்களின் நாவல். அதற்குத் தெரு மொழி வேண்டும் என்று கொச்சைச் சொல் அகராதியிலிருந்து பட்டியல் பட்டியலாக எழுதிக்கொண்டார். தொழிலாளர்களின் பழக்கவழக்கத்துக்கு, பூலோ என்பவர் 1870-ல் எழுதிய ஒரு புத்தகத்திலிருந்து நிறைய எடுத்தார். பூலோ யார்? பட்டறை நடத்திய முதலாளி. குடிக்கிற தொழிலாளி, வேலைக்கு மட்டம் போடுகிற தொழிலாளி என்று வகை வகையாகப் பிரித்து எழுதியவர். நாவல் வந்ததும் திருட்டு என்று பத்திரிகையில் கிளம்பியது. ஜோலா மறைக்கவில்லை, ஆவணத்தைப் பயன்படுத்துவது என் முறை என்று பதில் கொடுத்தார். திருட்டா இல்லையா என்பது என் கவலை இல்லை. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளையில் கல் சுமப்பவர். எத்தனை கல் சுமந்தார் என்று எழுதுகிற நோட்டு வேறு ஒருவர் கையில் இருக்கும். அந்த நோட்டில் இருந்ததுதான் வார முடிவில் கணக்கு. அப்பாவுக்கு வேறு கணக்கு தெரிந்திருந்தாலும் அது எழுத்தில் இல்லை. அதனால்தான் முதலாளி எழுதிய குறிப்பிலிருந்து தொழிலாளியின் கதை வந்தது என்று தெரிந்ததும், லசொம்வாரை இரண்டாவது முறை கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தேன். பூலோ தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். ஜோலாவிடம் அதே விவரங்கள், ஜெர்வேஸ் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறாள் என்று நம்மைக் கூடவே நடக்க வைக்கின்றன. ஆனாலும் எல்லோரும் குடித்தே அழிகிறார்கள் என்ற எண்ணம் மட்டும் முதலாளி நோட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. அன்சானுக்கு அவரே நேரில் போய் எழுதிய ஜெர்மினாலில் அந்த வாடை குறைவு.

குறிப்புக்கு ஆன இன்னொரு செலவு நட்பு. எக்ஸ் பள்ளியில் ஜோலாவுக்கு உயிர் நண்பன் ஒருவன் இருந்தான். அவன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஓவியர் செசான். 1886-ல் வந்த நாவலில், வரைந்து வரைந்து திருப்தி வராமல் தோற்றுப்போய்த் தூக்கில் தொங்கும் ஓவியன் குளோத், செசானின் இளமை விவரங்களோடு வருகிறான். ஆற்றங்கரை விளையாட்டிலிருந்து எல்லாம். புத்தகம் கிடைத்ததற்கு செசான் மரியாதையாக நன்றிக் கடிதம் எழுதினார். பிறகு அந்த நட்பு பழைய மாதிரி இல்லை. நண்பர்களின் வாழ்க்கையைக் கதையில் வைக்கிறவர்கள் இருக்கும் ஹாஸ்டல் அறைகளில் இதை யாராவது சத்தமாகப் படிக்கலாம்.

லசொம்வார் விற்ற விற்பனையில் 1878-ல் மெதான் என்ற கிராமத்தில் 9000 பிராங்குக்கு ஒரு சின்ன வீடு வாங்கினார். பணம் வர வர அது பெரிய வீடாகியது. தினமும் காலையில் சில பக்கம், அதற்குமேல் இல்லை, ஆனால் ஒரு நாளும் தவறாது. 1893-ல் இருபதாவது நாவலோடு அந்தக் குடும்பத்தின் கதையை முடித்தார்.

1894-ல் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியை, ஜெர்மனிக்கு உளவு சொன்னான் என்று பொய்க் குற்றம் சுமத்தித் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள். சந்தேகப்பட்டுத் துருவியவர்கள் சேர்த்த ஆதாரங்கள் 1897-ல் ஜோலாவிடம் வந்தன. 1898 ஜனவரி 13-ல் லோரோர் என்ற பத்திரிகையின் முதல் பக்கத்தில் குடியரசுத் தலைவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம். யார் எந்தப் பதவியில் இருந்துகொண்டு என்ன செய்தார் என்று தளபதிகளையும் கையெழுத்து நிபுணர்களையும் பெயர் பெயராக, ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார். ஆளுக்கு ஒரு சீட்டு போட்டுப் பழகிய கை என்று எனக்குத் தோன்றும். சில பெயர்களில் அவர் சொன்னது முழுக்கச் சரியில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அடிப்படை சரி. அவருக்குக் கிடைத்தது ஒரு வருடச் சிறைத் தண்டனையும் 3000 பிராங்க் அபராதமும். அதே வருடம் ஜூலையில் இங்கிலாந்துக்குத் தப்பிப்போய், கிட்டத்தட்ட ஒரு வருடம் வேறு பெயரில் வாழ்ந்தார். அங்கேயும் அடுத்த நாவலை எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

1902 செப்டம்பர் 29-ல் பாரிஸ் வீட்டில் படுக்கையறைப் புகைபோக்கி அடைத்துக்கொண்டு, நச்சுப்புகையில் மூச்சுத் திணறி இறந்தார். விபத்தா சதியா என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை. இறுதி ஊர்வலத்தில் தெனேன் சுரங்கத் தொழிலாளர்கள் நாவலின் பெயரையே திரும்பத் திரும்பக் கோஷமாக முழங்கிக்கொண்டு நடந்தார்கள். 1906-ல் டிரைஃபஸ் நிரபராதி என்று தீர்ப்பானது. 1908-ல் ஜோலாவின் உடலைத் தேசத் தலைவர்கள் துயிலும் பாந்தியோனுக்கு மாற்றினார்கள்.

அவர் மனைவி அலெக்சாந்திரின் 1904-ல் ரூகோன்-மக்கார் நாவல்களின் கோப்புகளைப் பாரிஸ் தேசிய நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். வரைவு, ஆள் சீட்டு, தெருப் படம், அன்சான் குறிப்பு எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கின்றன. நூலகத்தின் இணையத் தளத்தில் அவர் கையெழுத்திலேயே பார்க்கலாம். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் மேப்பும் வம்ச மரமும் புரியும். கடைசிக் காலத்தில் நான்கு நாவல் கொண்ட ஒரு புது வரிசை எழுதிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு அவர் இருக்கும்போதே வந்தன. மூன்றாவது இறந்தபின் 1903-ல் அச்சானது. நான்காவதற்கு 'நீதி' என்று பெயர் மட்டும் வைத்திருந்தார். அந்தக் கோப்பில் சில குறிப்புத் தாள்கள்தான் இருக்கின்றன.